மிச்சமிருந்த வக்காலத்துகள்

பதினொன்றாம் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னுடையது இருபத்தேழு. நடுவில் பதினைந்து வழக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் என்றால் ஒன்றேகால் மணி நேரம், பாதிப் பேர் வாய்தா கேட்டால் முக்கால் மணி, எப்படியும் ஒரு மணிக்குள் பெஞ்ச் கிளார்க் எழுந்து என் எண்ணைக் கூப்பிடுவார், நான் எழுந்து முன்னால் போய் நிற்க வேண்டும், நீதிபதி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்பார். ஆமாம் என்பேன். அதற்கு அடுத்த வாக்கியம் இன்னும் என்னிடம் இல்லை. நேற்றுச் சாயங்காலம் தபாலில் வந்த பழுப்பு உறை மடியில் இருக்கிறது, கை வியர்வையில் அதன் ஓரம் நெளிந்துவிட்டது. உள்ளே ஒரு மனு, மனுவோடு ஒரு வக்காலத்தின் நகல். கட்சிக்காரர் இன்னார் எனக்காக வழக்காடலாம் என்று வக்கீலுக்கு எழுதிக்கொடுக்கிற அந்த ஒற்றைத் தாளைத்தான் வக்காலத்து என்கிறோம், அதை ஏற்றுக்கொண்டதாக வக்கீல்கள் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். அடியில் மூன்று கையெழுத்து. முதலாவது என் பழைய சீனியர் வசுமதி மேடம். மூன்றாவது அங்கே என்னோடு ஜூனியராக இருந்த ஷர்மிளா. நடுவில் நான். என்னுடையதுதான், சந்தேகமே இல்லை, கடைசி எழுத்தைச் சுழித்து அடியில் ஒரு புள்ளி வைக்கிற பழக்கம் எனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே உண்டு. தேதி ஜூன் பன்னிரண்டு. ஜூன் பன்னிரண்டில் நான் மேடத்தின் அலுவலகத்தில் இல்லை. மார்ச் கடைசி வெள்ளிக்கிழமையே விலகிவிட்டேன். ஆனால் கை என்னுடையது. தேதிதான் வேறு யாருடையதோ.

கழுத்துப்பட்டையின் கஞ்சி உரசுகிறது. முன் வரிசையில் மேடத்தின் முதுகு. கொண்டையில் இன்றைக்கு ஒரு ஊசி மட்டும், அவசரமாகக் கிளம்பியிருப்பார், இல்லையென்றால் இரண்டு குத்துவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்று வருடம் அந்த முதுகுக்குப் பின்னால் கட்டுகளைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன். காலையில் கோர்ட் ஹாலுக்குள் நுழையும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன கண்ணு, எளச்சுப் போயிட்டே? டிபன் சாப்டியா?" என்று கேட்டார். நான் "சாப்ட்டேன் மேடம்" என்றேன். சாப்பிடவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன்? என் பெயரைக் கெடுக்க மனுப் போட்டவரிடம் நான் பசியோடு இருக்கிறேன் என்று சொன்னால் இரண்டு இட்லி வைத்திருக்கிறேன் வா என்று கூப்பிட்டுவிடுவாரோ, கூப்பிட்டால் நான் போய்விடுவேனோ என்ற பயம்தான். போயிருப்பேன். அதுதான் நேற்று இரவிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை, அந்த மனுவைவிட. மனுவில் என்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. 'நீதிமன்றத்தின்பால் உள்ள கடமையுணர்வால்' என்று தொடங்குகிறது. மாண்பமை நீதிமன்றம் நியமித்த ரிசீவர், வாதியின் வக்காலத்திலேயே கையெழுத்திட்டவர் என்பது இப்போதுதான் கவனத்துக்கு வந்தது, ஆகவே அவருடைய அறிக்கையைத் தள்ளுபடி செய்து புதிய ரிசீவரை நியமிக்க வேண்டும். இப்போதுதான் கவனத்துக்கு வந்ததாம். மேடத்துக்கு ஒரு அரைப்புள்ளி இடம் மாறினால் கவனத்துக்கு வரும்.

பதினான்கு. யாரோ வாய்தா கேட்கிறார்கள். ரிசீவர் என்றால் வழக்கு முடியும்வரை சொத்தை நீதிமன்றத்துக்காகக் கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிற ஆள். இரண்டு கட்சிக்கும் சொந்தமில்லாதவள். கணபதி ஏரியாவில் ஈஸ்வரமூர்த்தி என்பவரின் லேத் பட்டறை, பம்ப்புக்கு உதிரி பாகம் செய்கிற இடம், கடனுக்கு ஈடாக ஐந்து மெஷின். கடன் கொடுத்த நிதி நிறுவனம் வாதி, அதற்கு மேடம்தான் வக்கீல். ஜூலையில் இந்த ஹாலில்தான் புது நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்து, "யாராச்சும் இளம் வக்கீல் இருக்கீங்களா, ரிசீவரா போட?" என்று கேட்டார். நான் இதே கடைசி பெஞ்சில் இருந்தேன். அவர் விரல் என் மேல் நின்றது. மேடம் திரும்பிப் பார்த்தார். "நல்ல பொண்ணு யுவர் ஆனர், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். ஈரோட்டிலிருந்து வருகிற பிரதிவாதி வக்கீலுக்கு என்னைத் தெரியாது, அவரும் தலையாட்டினார். அப்போது நான் எழுந்து, யுவர் ஆனர், மார்ச் வரைக்கும் இந்த மேடத்திடம் ஜூனியராக இருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. மேடம் லேசாகக் கண்ணை மூடித் திறந்தார், சரி என்பது மாதிரி. நான் விழுங்கிவிட்டேன். முதல் நியமனம். பொள்ளாச்சியில் அப்பா பரோட்டா மாஸ்டர், அம்மா தென்னை நார்க் களத்தில், முதல் தலைமுறை பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டவள். கோர்ட்டே என்னை நியமித்திருக்கிறது என்று அன்றைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அம்மா, "கவர்மென்ட் வேலையா சாமி?" என்று கேட்டாள். ஒரு மாதிரி அப்படித்தாம்மா என்றேன். அன்றைக்கு வாயைத் திறக்காததற்கு மேடம்தான் காரணமென்று இப்போது சொல்லிவிடலாம். அது உண்மையில்லை. கண்ணை மூடித் திறந்தது அவர். விழுங்கியது நான்.

பதினாறா, பதினேழா? கவனிக்கவில்லை. இரண்டு பெஞ்ச் முன்னால் ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்திருக்கிறார், சலவைச் சட்டை, பின்கழுத்தில் மடிப்பு மடிப்பாக வெயில். காலையில் படியேறும்போது குறுக்கே வந்து நின்றார். "ஏனுங்க வக்கீலம்மா, நீங்களும் அவுங்க ஆளுதானுங்களா?" கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. பஸ் இந்தப் பக்கம் போகுமா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். "இல்லைங்க" என்றேன். "அப்புறம் அந்தத் தாள்ல உங்க கையெழுத்து இருக்குதுன்றாரு எங்க வக்கீலு." "இருக்குதுங்க." அவர் என்னையே பார்த்தார். "நாலு பக்கம் எழுதிக் குடுத்தீங்களே, அதும் சும்மாதானுங்களா?" சும்மா இல்லை. அந்த நாலு பக்கம் மட்டும்தான் நான் முழுக்க முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட்ட தாள்கள். நியமனமான மறுநாள் பட்டறைக்குள் போனபோது ஐந்தில் மூன்று மெஷின்தான் இருந்தன. இரண்டை இவர் ஒளித்துவிட்டார், குற்ற வழக்கே போட வேண்டும் என்றார்கள் நிறுவனத்து ஆட்கள். நான் தரையில் குந்திப் பார்த்தேன். இரண்டு நீள்சதுரமான எண்ணெய்க் கறை, தூசி படியாதவை. போல்ட் துளைகளின் வாய் புதிதாக உடைந்திருந்தது, சிமென்ட் துகள் அப்படியே வெள்ளையாக. வாசலில் கிரேன் சக்கரத் தடம். எதிர்க்கடை டீ மாஸ்டர், முந்தாநாள் அந்தக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டின வண்டிதான் வந்தது என்று வாக்குமூலம் கொடுத்தார். ஒன்பதாம் பத்தியில் இதையெல்லாம் எழுதினேன், படத்தோடு. நியமனத்துக்கு முன்பே வாதியின் ஆட்கள் இரண்டு மெஷினைத் தூக்கிவிட்டதாகத் தெரிகிறது என்று எழுதும்போது பேனா நின்றது நினைவிருக்கிறது. மேடம் என்ன நினைப்பார் என்று நின்றது. பிறகு எழுதினேன். அறிக்கை தள்ளுபடியானால் ஒன்பதாம் பத்தி போய்விடும். ஒன்பதாம் பத்தி போனால் இந்த மனிதர் திருடன்.

எந்த நாளில்? இதைத்தான் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். மேடம் என்னைக் கைவிட்டது எந்த நாளில்? மார்ச் கடைசி வெள்ளியிலா? அன்றைக்கு மேசை மேல் அந்தக் கட்டு இருந்தது. எங்கள் அலுவலகத்தில் வக்காலத்து அச்சடித்துத்தான் வரும், அடியில் மேடம் பெயர், என் பெயர், ஷர்மிளா பெயர், ஒவ்வொன்றுக்கும் பதிவு எண். ஆயிரம் அடித்ததில் அறுபது மிச்சம். "அச்சடிச்சது வீணாப் போகுமேம்மா, புதுசு வர்ற வரைக்கும் ஓட்டிக்கறேன், நீ இருக்கற பைலுக்குத்தான்" என்றார் மேடம். நானும் ஷர்மிளாவும் எதிரெதிரே உட்கார்ந்து போட்டோம். கட்சிக்காரர் பெயர் இல்லை, வழக்கு எண் இல்லை, தேதி இல்லை. முப்பதாவதில் ஷர்மிளா கையை உதறி, "ஏய் மேனகா, கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு பேர் எழுத மாட்டேன்டீ" என்றாள். சிரித்தோம். மேடம் உள்ளேயிருந்து, "என்ன அங்கே சிரிப்பு, எனக்கும் சொல்லுங்க" என்றார். எனக்கு அன்றைக்கு மனது நிறைந்திருந்தது. விட்டுப் போகிறவளிடம் கோபப்படாமல் கையெழுத்துக் கேட்கிறாரே, என் பெயர் இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்று நினைக்கிறாரே என்று. அன்றைக்கே திட்டமா? இருக்காது. இந்த வழக்கே அப்போது இல்லை. அப்படியானால் ஜூன் பன்னிரண்டிலா? அவசரத்தில் குமாஸ்தா கைக்கு வந்த தாளை எடுத்து நிரப்பியிருக்கலாம். ஜூலையில், கண்ணை மூடித் திறந்தபோதா? அப்போது அவருக்குத் தெரியுமா, கோர்ட் கட்டுக்குள் என் கையெழுத்து இருக்கிறதென்று? தெரிந்தே வைத்துக்கொண்டாரா, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று, நாம் சில்லறையை டப்பாவில் போட்டு வைப்பது மாதிரி? இல்லை, ஒன்பதாம் பத்தியைப் படித்த பிறகுதானா? அதற்குப் பிறகு என்றால் அதற்கு முந்தியதெல்லாம் உண்மையாக இருந்தது என்று ஆகும். இட்லி உண்மை. மழை பெய்த அன்றைக்குத் தன் காரில் ஹாஸ்டல் வரை கொண்டுவந்து விட்டது உண்மை. நான் தேதியைத் தேடுவது அதற்காகத்தான் போலிருக்கிறது. எத்தனை நாளைக் காப்பாற்ற முடியும் என்று பார்க்கிறேன்.

பத்தொன்பது. பக்கத்தில் பெஞ்ச் அமுங்குகிறது. பொன்னுச்சாமி அண்ணன், மேடத்தின் குமாஸ்தா, இருபத்திரண்டு வருட சர்வீஸ், காதில் பேனா. "நல்லா இருக்கீங்களா அம்மிணி?" என்கிறார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. "மேடம் ஒண்ணு சொல்லிவுட்டாங்க. ரெண்டு வரி மெமோ. 'ஞாபகக் குறைவா நடந்துபோச்சு, ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கறேன், ரிசீவர் பொறுப்புல இருந்து விலகிக்கறேன்'. அவ்வளவுதான். டைப் அடிச்சே கொண்டாந்துட்டேன். கையெழுத்து மட்டும்." தாளை மடக்கி என் உறைக்கு மேலே வைக்கிறார். பிரிக்கிறேன். "என்ன அம்மிணி படிக்கறீங்க?" "படிக்க வேண்டாங்களா அண்ணா?" "மூணு வருசமா நான் நீட்டுன தாளைப் படிச்சா போட்டீங்க?" சிரிக்கிறார். கேலிதான், ஆனால் பொய் இல்லை. படித்ததில்லை. யாரும் படிப்பதில்லை. இரண்டு மணிக்குள் தாக்கல் பண்ண வேண்டும், ஓடு ஓடு, கையெழுத்து மட்டும், கையெழுத்து மட்டும். "போடலைன்னா என்னங்கண்ணா ஆகும்?" அவர் காதிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பச் செருகுகிறார். மின்விசிறி கிறீச்சிடுகிறது. "வெத்து வக்காலத்துல கையெழுத்துப் போட்டேன்னு நீங்க வாயைத் தொறந்தா, பார் கவுன்சிலுக்குப் போவும். மேடத்துக்கு வயசு அம்பத்தி நாலு, பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு. உங்களுக்கு ஆரம்பம். எனக்கும் பொம்பளப் புள்ளைக இருக்குது, அதனால சொல்றேன்." எழுந்து போகும்போது தோளைத் தட்டுகிறார். அந்தத் தட்டலில் அக்கறை இருந்தது. அதையும் மேடம்தான் சொல்லி அனுப்பினாரா என்று ஒரு கணம் யோசிக்கிறேன், யோசித்ததற்கு வெட்கமாக இருக்கிறது. இனிமேல் இப்படித்தான் இருக்குமா, யார் தோளைத் தட்டினாலும்?

இருபத்திரண்டு, இருபத்து மூன்று, இரண்டும் வாய்தா. வேகமாகப் போகிறது. மெமோவில் இரண்டே வரி, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, ஞாபகக் குறைவு என்ற சொல்லை யார் தேர்ந்தெடுத்தார்கள்? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. போட்டுவிட்டால் வெளியே போய் டீ குடிக்கலாம். நாளைக்கு மேடம் கூப்பிட்டு வேறு பைல் கொடுப்பார், கொடுக்காமல் விடமாட்டார், அப்படித்தான் அவர் கணக்கு முடிப்பார். ஈஸ்வரமூர்த்திக்குப் புது ரிசீவர் வருவார், அதற்குள் தரையைக் கழுவியிருப்பார்கள், டீ மாஸ்டருக்கு எதுவும் நினைவிருக்காது. அவருடைய பின்கழுத்து மடிப்பைப் பார்க்கிறேன். அவர் எனக்கு யாருமில்லை. அவர் நல்லவரா என்றுகூட எனக்குத் தெரியாது. தரையில் பார்த்தது மட்டும்தான் தெரியும். இருபத்தைந்து. இருபத்தாறு. மெமோவை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைக்கிறேன், கையெழுத்துப் போடாமல். அது தீர்மானமா என்று எனக்கே தெரியவில்லை, பேனா மூடியைத் திறக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். இருபத்தேழு என்கிறார் பெஞ்ச் கிளார்க்.

மேடம் எழுந்தார். மெதுவான குரல். "யுவர் ஆனர், எனக்கு இதைச் சொல்ல மனசே இல்லை. என் பொண்ணு மாதிரி. ஆனா கோர்ட்டுக்குத் தெரியாம இருக்கக் கூடாதில்லையா." நீதிபதி தாளைத் தூக்கிக் காட்டினார், நான் நினைத்த மாதிரியே. "இது உங்க கையெழுத்தாம்மா?" ஆமாம் என்றேன். அடுத்த வாக்கியம் தானாக வந்தது. "ஆனா இந்த வழக்குக்காகப் போட்டதில்லை யுவர் ஆனர். மார்ச்ல அந்த அலுவலகத்தை விட்டு வந்த அன்னிக்கு அறுபது வெத்து வக்காலத்துல கையெழுத்துப் போட்டேன். அதுல ஒண்ணு இது. போட்டது என் தப்பு. ஜூலைல, நான் அவங்க ஜூனியரா இருந்தேன்னு உங்ககிட்ட சொல்லாம இருந்ததும் என் தப்பு. ரிப்போர்ட்ல எழுதுனது நான் கண்ணால பாத்தது." ஹாலில் யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம். நீதிபதி மேடத்தைப் பார்த்தார். மேடம் திரும்பி என்னைப் பார்த்தார், கோபம் இல்லை, வீட்டில் குழந்தை பாலைக் கொட்டிவிட்டால் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "எங்க அலுவலகத்துல அந்த வழக்கமே கிடையாது யுவர் ஆனர். அன்னிக்கு இவங்ககூட இருந்த ஜூனியர் இங்கேயேதான் இருக்காங்க. கேட்டுக்கலாம்." ஷர்மிளா எழுந்தாள். கையில் கட்டு. நான் அவளையே பார்த்தேன், ஒரு தரம் என் பக்கம் திரும்பினால் போதும் என்று. "வெத்து வக்காலத்துல கையெழுத்துப் போடுவீங்களாம்மா?" என்றார் நீதிபதி. அவள் மேசையின் மரத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்லைங்க யுவர் ஆனர். அப்படி எதுவும் நடக்கலை" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. அவளுக்கு வேலை வேண்டும், தம்பிக்கு இந்த வருடம்தான் காலேஜ். மார்ச்சுக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதே குரலில் சொல்லியிருப்பேன். தெரிந்தும் அவள் உட்காரும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் மனுப் போட்டதைவிட இது வலித்தது. நீதிபதி பேனாவை வைத்தார். "இப்போ சொன்னதை அபிடவிட்டாப் போடுவீங்களா? போட்டா அது உங்களுக்கு எதிராவும் நிக்கும். தெரியுமில்ல?" தெரியும் என்றேன். "ரெண்டே காலுக்குள்ள. அது வர்ற வரைக்கும் ரிப்போர்ட் தள்ளுபடி ஆகாது."

தாழ்வாரத்துச் சுவரோரம் நின்று கையாலேயே எழுதினேன், இரண்டு பக்கம். பிரமாணப் பத்திரத்துக்கு என் முன்னிலையில் கையெழுத்திட்டார் என்று இன்னொரு வக்கீல் சான்று போட வேண்டும். இது ஒரு காசு பெறாத உதவி, நடந்துகொண்டே போடுவோம், போனில் பேசிக்கொண்டே போடுவோம், நான் எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன். முதலில் கேட்டவர் பேனாவை எடுத்துவிட்டு முதல் வரியைப் பார்த்தார், பிறகு இரண்டாவது வரியை, பிறகு முழுப் பக்கத்தையும். "கொஞ்சம் அவசரமாப் போறேம்மா" என்றார். இரண்டாமவரும் படித்தார். மூன்றாமவர் கேண்டீன் வாசலில் வடையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டுப் படித்தார், "எனக்கு வசுமதி மேடத்தோட நாலு மேட்டர் இருக்கு மேனகா, தப்பா எடுத்துக்காதே" என்று திருப்பித் தந்தார். எல்லோருக்கும் படிக்கத் தெரிகிறது. ஷர்மிளா மாடிப்படி வளைவில் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், திரையில் வெளிச்சம்கூட இல்லை. ஈஸ்வரமூர்த்தி வேப்பமரத்தடியில் நின்று என்னைப் பார்த்தார், கிட்டே வரவில்லை. வராததும் சரிதான், என்னை நம்ப அவருக்கு இன்னும் என்ன காரணம் இருக்கிறது? மணி இரண்டு ஐந்து. கோர்ட் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற சிரஸ்தாரிடமே போனேன், அவர் முன்னாலும் பிரமாணம் செய்யலாம். அவர் தயிர்சாத டப்பாவை மூடி வைத்துவிட்டு முத்திரையை எடுத்தார்.

"இதுல உள்ளதைப் படிச்சு, புரிஞ்சுதான் கையெழுத்துப் போடறீங்களா?" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்வி, தலையை நிமிர்த்தாமல்தான் கேட்டார். "ஆமாங்க சார்" என்றேன். இரண்டு பக்கத்திலும் போட்டேன். பழக்கத்தில் கை தானாக அடியில் வழக்கறிஞர் என்று எழுதி, பதிவு எண்ணையும் எழுதிவிட்டது. அவர் விரலை அதன் மேல் வைத்தார். "இதுல நீங்க வக்கீல் இல்லம்மா, வாக்குமூலம் குடுக்கறவங்க. அதை அடிச்சுருங்க." ஒரு கோடு இழுத்தேன், எழுத்து தெரிகிற மாதிரி, ஒரே கோடு. "அடிச்ச எடத்துல சுருக்கொப்பம்" என்றார், முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே. கோட்டுக்குப் பக்கத்தில் என் முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.